இரண்டு சாப்பாடு, ஒரு சிற்றுண்டி தூரம்

அந்த ஊர் இரண்டு சாப்பாடு, ஒரு சிற்றுண்டி தூரத்தில் இருந்தது. விமானத்துக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கெல்லாம் ஒட்டாது. பக்கத்து ஊர் என்றால் ஒரு பொட்டலம் கடலை, ஒரு டப்பா பழச்சாறு. கொஞ்சம் தள்ளி என்றால் ஒரு சாப்பாடு. கடல் தாண்டி இன்னொரு கடலும் தாண்ட வேண்டுமென்றால் இரண்டு சாப்பாடு. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சிற்றுண்டியும் வைக்கிறார்கள் என்றால் அது உலகத்தின் மறுகோடி. அதற்கும் அப்பால் ஓர் ஊர் இருப்பதாக அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. அந்த மறுகோடிக்குத்தான் இன்று மாமியார் போகிறாள். அவளுக்குப் போய்ச் சேர வேண்டிய தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருமகள் நின்றிருந்தாள்.

கூடம் என்றதும் அடுப்பும் ஆவியும் வாசனையுமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சமைப்பதெல்லாம் பின்னால் வேறு கட்டடத்தில். இங்கே அடுக்குவது மட்டும்தான். ஃபிரிட்ஜுக்குள் நிற்கிற மாதிரி குளிரும் ஒரு நீள ஹால், நடுவே நகர்ந்துகொண்டே இருக்கும் பெல்ட், இரண்டு பக்கமும் தலையில் வலைத்தொப்பி, கையில் உறை, வெள்ளைக் கோட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர் என்று வரிசையாகப் பெண்கள். ஒருத்தி தட்டு வைப்பாள், ஒருத்தி ரொட்டி, ஒருத்தி வெண்ணெய், ஒருத்தி இனிப்பு. கடைசியில் நிற்பவள் ஸ்பூன், முள்கரண்டி, காகிதத் துணி மூன்றையும் சுற்றிய பொட்டலத்தை வைப்பாள். எதை எங்கே வைக்க வேண்டும் என்று சுவரில் ஒரு பெரிய வண்ணப்படம் ஒட்டியிருக்கும். படத்தில் எப்படியோ தட்டில் அப்படி. அந்தச் சாப்பாட்டை அங்கே வேலை செய்கிற யாரும் தொடக்கூடாது என்பது விதி. பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், தொடத் தோன்றவும் தோன்றாது என்பது நிஜம்.

படத்துக்குக் காவல் ஸ்கேல் சார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவோ, கோட்டுப் பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் நீட்டிக்கொண்டிருப்பதால் ஸ்கேல் சார் என்றே ஆகிவிட்டார். தட்டு விளிம்புக்கும் ஸ்பூன் பொட்டலத்துக்கும் எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டுமோ அதை அளந்து பார்ப்பார். ஒரு நூல் விலகியிருந்தால்கூட விரலால் தட்டிச் சரி செய்துவிட்டு, வைத்தவளை ஒரு பார்வை பார்ப்பார். திட்டமாட்டார். அந்தப் பார்வைக்கு நாலு திட்டு வாங்கியிருக்கலாம். அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய விமானத்திலிருந்து இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை. சிரித்ததாகவும் தகவல் இல்லை. "அவரு வீட்டம்மா கோலமாவு போட்டாக்கூட ஸ்கேல் வச்சுத்தான் போடணும்போல" என்று பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சிரிப்பார்கள்.

மாமியார் கதை வேறு. பதினாலு வருஷமாக மருமகள் கையால்தான் சாப்பிடுகிறாள். பதினாலு வருஷமாக ஒரு நாளாவது நல்லா இருக்கு என்று சொல்லியிருப்பாளா? மூச். "உப்பு கம்மி" என்பாள். அடுத்த நாள் ஒரு சிட்டிகை கூடப் போட்டால், "என்னை உப்புக்கண்டம் போடப் பாக்கிறியா?" என்பாள். சொல்லிவிட்டுத் தட்டை வழித்துச் சாப்பிடுவாள். குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்து கோணலாகச் சேர்ந்த பிறகு இடது கையில்தான் ஸ்பூன். அதனால் அந்த வீட்டில் அவள் தட்டுக்கு ஸ்பூனும் டம்ளரும் எப்போதும் இடது பக்கம் இருக்கும். ஒருமுறை மருமகள் மறந்து வலது பக்கம் வைத்ததற்கு ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லை.

ஆனால் வேறு எங்கேயும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டாள். யார் கை, எப்படிப்பட்ட கை, கழுவின கையா என்று அவளுக்கு ஆயிரம் சந்தேகம். ஒருமுறை சொந்தக்காரர் வீட்டுக்குப் போனபோது சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் வேளை தவறாமல் போட்டுக்கொண்டாள். அவர்கள் வைத்த சாப்பாட்டை மட்டும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் வியர்த்து, கண் செருகி, நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்துவிட்டாள். வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றித் தூக்கிக்கொண்டு ஓடியது மருமகள்தான். டாக்டர் சத்தம் போட்டார். "மாத்திரை போட்டா சாப்பிட்டே ஆகணும். இல்லன்னா அடுத்த தடவை எழுந்திரிக்க மாட்டீங்க." மாமியார் கண்ணைத் திறந்து மருமகளைப் பார்த்து, "ஊத்துன தண்ணியில சர்க்கரை கம்மி" என்றாள்.

இப்படிப்பட்டவளைத்தான் உலகத்தின் மறுகோடிக்கு அனுப்பும்படி ஆகிவிட்டது. ஆகிவிட்டது என்ன, மருமகளே செய்துகொண்டதுதான். ஒரு நாள் தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் பார்த்து, கால் கடுக்க வீடு வந்து சமைத்துத் தட்டை வைத்தால், மாமியார் அதை ஒரு விரலால் தள்ளினாள். "ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் அழகழகா அடுக்கி அனுப்புற. வீட்டுல இருக்கிறவளுக்கு ஆறிப்போன சோறு." அவ்வளவுதான். மருமகளுக்குள் ஏதோ அறுந்தது. பால்கனிக்குப் போய், வெளிநாட்டில் இருக்கும் மாமியாரின் மூத்த மகனுக்கு போன் போட்டுவிட்டாள். "உங்க அம்மாவைக் கொஞ்ச காலம் நீங்க வச்சுக்குங்களேன். என்னால முடியல." எப்போதும்போல் அவர் ஏதாவது சொல்லி நழுவிவிடுவார் என்றுதான் நினைத்தாள். நல்ல மனுஷன், அந்த ஒரு தடவை பார்த்து நழுவவில்லை. ஒரே வாரத்தில் டிக்கெட் வந்துவிட்டது. போவதற்கு மட்டும். வருவதைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று செய்தி வேறு.

அன்று சாயங்காலம் புருஷன் தன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து போனில் வழியைக் காட்டினான். இந்தக் கோடியில் ஒரு புள்ளி, அந்தக் கோடியில் ஒரு புள்ளி, நடுவில் வில் மாதிரி ஒரு நீலக்கோடு. கீழே இத்தனை ஆயிரம் கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்று எழுதியிருந்தது.

"கோடு ஏன் வளைஞ்சு போகுது? நேரா போனா என்னவாம்?" என்றாள் மாமியார்.

"பூமி உருண்டைம்மா. வளைஞ்சு போனாத்தான் கிட்ட."

"நல்லாருக்கு நியாயம்." கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். தொட்டதும் படம் பெரிதாகி வெறும் கடல் மட்டும் தெரிந்தது. கையை இழுத்துக்கொண்டாள். "எவ்வளவு தூரம்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

அடுக்களையிலிருந்து மருமகள்தான் பதில் சொன்னாள். "ரெண்டு சாப்பாடு, ஒரு சிற்றுண்டி தூரம் அத்தை."

"அப்போ ரெண்டு வேளை பட்டினி."

அதை அவள் சண்டைக்காகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் சொன்னாள். சொந்தக்காரர் வீட்டு நாற்காலி மருமகளின் கண் முன்னால் வந்தது. இங்கேயாவது தூக்கிக்கொண்டு ஓட ஆள் இருந்தது. கடலுக்கு மேலே யார் இருக்கிறார்கள்? ஈரக்கையோடு வந்து மாமியார் எதிரில் உட்கார்ந்தாள். "பட்டினியெல்லாம் வேண்டாம் அத்தை. அந்த ப்ளேனுக்குச் சாப்பாடு எங்க கூடத்துலேருந்துதான் போகுது. சர்க்கரைக்காரங்களுக்குத் தனித் தட்டு, சீட் நம்பர் போட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். உங்க தட்டை நானே அடுக்குறேன்."

"நீதான் அடுக்குனேன்னு எனக்கு எப்படித் தெரியும்? எல்லாத் தட்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும்னு நீதான சொல்வ?"

"எல்லாருக்கும் ஸ்பூன் வலது பக்கம் இருக்கும். உங்களுக்கு மட்டும் இடது பக்கம் வைக்கிறேன். இடது பக்கம் இருந்தா நான் வச்சது."

மாமியார் யோசித்தாள். "பாக்கலாம்" என்றாள். அவள் வாயிலிருந்து பாக்கலாம் வந்தால் முக்கால்வாசி சம்மதம். போகாதீங்க என்ற சொல் மருமகளின் தொண்டை வரை வந்தது. அனுப்பச் சொன்னவளே எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிறுத்துவது? ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

அதனால்தான் இன்று விமான நிலையத்துக்குப் போகாமல் வேலைக்கு வந்துவிட்டாள். தட்டு அடுக்க வேண்டும் என்பது ஒரு காரணம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மாமியார் நடந்துபோவதைப் பார்க்கிற தைரியம் இல்லை என்பது இன்னொன்று. எது பெரிய காரணம் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. காலையில் கிளம்பும்போது மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாளா, தூங்குகிற மாதிரி இருக்கிறாளா என்று தெரியவில்லை. கைப்பைக்குள் ஒரு சின்ன பிஸ்கட் பொட்டலத்தை மட்டும் சத்தம் இல்லாமல் வைத்துவிட்டு வந்தாள்.

தனித் தட்டுகளை அடுக்கும் சின்ன மேசையில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்தாள். சர்க்கரை இல்லாத பழக்கிண்ணம், அவித்த காய், தோலில்லாத கோழி. ஸ்டிக்கரில் சீட் நம்பரை இரண்டு தரம் சரி பார்த்தாள். கடைசியாக ஸ்பூன் பொட்டலத்தை இடது பக்கம் வைத்தாள். இரண்டாம் சாப்பாட்டுத் தட்டிலும் அப்படியே. தட்டுகளைச் செருகும் தள்ளுவண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தப்போகும்போது பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது.

ஸ்கேல் சார் குனிந்து ஒவ்வொரு தட்டாக இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்தத் தட்டில் நின்றார்.

"இது யாரு வச்சது?"

"நான்தான் சார்."

"படத்துல எந்தப் பக்கம் இருக்கு?"

"வலது பக்கம்."

"அப்புறம்?"

தெரியாமல் வைத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவள் வாய் சும்மா இருந்தால்தானே. அத்தை, மணிக்கட்டு, மாத்திரை, சரிந்து விழுந்தது, இடது பக்கம் என்று வைத்த அடையாளம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். பால்கனியில் போன் செய்ததை மட்டும் சொல்லவில்லை. அவர் முகம் சாத்தின கடை மாதிரி இருந்தது. கேட்டாரா இல்லையா என்றே தெரியவில்லை.

"இங்கேருந்து பாத்தா உங்க அத்தை ஒரு சீட் நம்பர்மா. அவ்வளவுதான்" என்றார். பொட்டலத்தை எடுத்து வலது பக்கம் வைத்தார். ஸ்கேலை வைத்து நேராக்கினார். இரண்டாவது தட்டையும் அப்படியே செய்துவிட்டுப் போனார்.

அவர் முதுகு திரும்பும்வரை மருமகள் பொறுத்திருந்தாள். பிறகு கதவைத் திறந்து இரண்டு பொட்டலத்தையும் மறுபடி இடது பக்கம் மாற்றினாள். பெற்ற தாய் வீட்டில்கூட எதையும் திருடித் தின்று பழக்கமில்லாதவளுக்கு நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டது. வண்டிக்குச் சீல் வைத்தார்கள். லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அப்பாடா என்று கையுறையைக் கழற்றினாள்.

தேநீர் இடைவேளையில் லாக்கரைத் திறந்து புருஷனுக்கு போன் செய்தாள். "உள்ள போயிட்டாங்க" என்றான். அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஏதாவது சொன்னாங்களா?"

"ஒரு வார்த்தை பேசல. உள்ள போறப்ப மட்டும் திரும்பி வந்து, 'ஏறின உடனே சாப்பாடு வந்துடுமாமே, அதான் மாத்திரையை இப்பவே போட்டுட்டேன், அவகிட்ட சொல்லிடு'ன்னாங்க."

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பிடுவேன் என்று மாமியார் சொல்லக்கூடிய ஒரே வழி அதுதான். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாகத் தட்டு வருவதற்கு முன்னாலேயே அவளை நம்பி மாத்திரையைப் போட்டிருக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குள் நுழைந்தால், உள்ளே ஒரே கூச்சல். சூப்பர்வைசர் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அந்த ஊர் விமானத்தில் என்னவோ கோளாறு. கிளம்ப நாலைந்து மணி நேரம் ஆகும். ஏற்றின சாப்பாடெல்லாம் திரும்பி வருகிறது. லாரி ஏறி இத்தனை நேரத்துக்குள் பறக்காத சாப்பாட்டைக் கொட்டியே ஆக வேண்டும் என்பது விதி.

"தனித் தட்டுமா சார்?"

"தனித் தட்டு என்ன, தங்கத் தட்டானாலும் கொட்டுங்க. அவசரத்துக்கு வச்சிருக்கிற சாப்பாட்டை எடுத்து அடுத்த ஷிஃப்ட் அடுக்கும். ஸ்டிக்கரெல்லாம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே சாப்பாடு."

வண்டிகள் வந்தன. பெரிய நீலத் தொட்டிகளைத் திறந்து வைத்து ஆளுக்கொரு பக்கமாக நின்று கவிழ்த்தார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய தட்டு அவள் கைக்கே வந்தது. ஸ்பூன் பொட்டலம் இடது பக்கம் அப்படியே இருந்தது. ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்றவள், "கவுத்துவிடுக்கா, நேரமாகுது" என்றாள். கவிழ்த்தாள். கோழியும் காயும் பழமும் சேர்ந்து விழுகிற சத்தம் கேட்டது. மாமியாரின் போனுக்கு எத்தனை தடவை அடித்தாலும் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றே வந்தது. அணைத்தால்தான் விமானம் ஏறவிடுவார்கள் என்று புருஷன் சொல்லிக்கொடுத்திருந்தானாம், புத்திசாலி. பையில் ஒரு பிஸ்கட் பொட்டலம் இருக்கிறது. அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதை வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டலாம். அப்புறம்?

நானும் இருந்து அடுக்குகிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். சூப்பர்வைசர் ஒத்துக்கொள்ளவில்லை. ஷிஃப்ட் முடிந்த ஆள் ஹாலுக்குள் நிற்கக்கூடாதாம், அதற்கும் விதி. ஸ்கேல் சார் மட்டும் அடுத்த ஷிஃப்டுக்கும் இருந்தார். அவருக்கு மாற்று ஆள் வரவில்லை. கோட்டைக் கழற்றிய கையோடு அவரிடம் போய் நின்றாள்.

"சார், அந்தத் தட்டையும் கொட்டிட்டாங்க."

"பாத்தேன்."

"எங்க அத்தை மாத்திரை போட்டுட்டுப் போயிருக்காங்க சார். ஸ்பூன் வலது பக்கம் இருந்தா தொட மாட்டாங்க."

அவர் ஸ்கேலைப் பையிலிருந்து எடுத்து, துணியால் துடைத்து, மறுபடி பையில் வைத்தார். "உன் பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்து அவரைத் திட்டித் தீர்த்தாள். கல் நெஞ்சுக்காரன், கட்டையில போறவன், அவன் கையில ஸ்கேலை ஒடிச்சு அடுப்புல போட. அப்புறம் தன்னைத் திட்டிக்கொண்டாள். அந்த ஆள் என்ன செய்வான், பால்கனியில் நின்று போன் போட்டது அவனா? பஸ் விமான நிலையத்து வேலியை ஒட்டியே கொஞ்ச தூரம் போகும். வேலிக்கு அந்தப் பக்கம், நடந்தால் எட்டிவிடுகிற தூரத்தில், ஏதோ ஒரு நாற்காலியில் மாமியார் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கக்கூட வழியில்லை.

வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று தட்டு வைத்தாள். மூன்றாவதற்கு ஸ்பூனை இடது பக்கம் வைத்த பிறகுதான் உறைத்தது. புருஷன் பார்த்துவிட்டான். அவள் சுவரில் சாய்ந்து அழுதாள். விமானம் கிளம்பிவிட்டது என்று மட்டும் போனில் வந்திருந்தது.

"நான்தாங்க உங்க அண்ணனுக்கு போன் பண்ணிக் கூட்டிக்கச் சொன்னேன்."

"தெரியும்."

"அத்தைக்கு?"

"நீ பால்கனியில நின்னு பேசின. அவங்க கட்டில் பால்கனி ஜன்னலை ஒட்டி இருக்கு." அவன் எழுந்துவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஒரு வாரமா என்கிட்ட ஒண்ணுதான் கேட்டாங்க. வர்ற டிக்கெட் எப்பப் போடுவாங்கன்னு. எனக்கும் பதில் தெரியல."

மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. விடிந்ததிலிருந்து போனை முந்தானையில் முடிந்துகொள்ளாத குறைதான். அது அடித்தபோது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நுரைக்கையோடு எடுத்தாள்.

"யாரு, நீயா?" மாமியாரின் குரல்.

"அத்தை! நல்லபடியா போய்ச் சேந்துட்டீங்களா? உடம்பு எப்படி இருக்கு? தலை சுத்துச்சா?"

"ஏன் இப்படிக் கத்துற, நான் என்ன செவிடா? அந்த ஏர்போர்ட் நாற்காலியில உக்காந்திருந்தப்ப கொஞ்சம் சுத்துச்சு. பையில யாரோ பிஸ்கட் வச்சிருந்தாங்க. இங்க ஒரே குளிர். உங்க கூடம் இப்படித்தான் இருக்கும்போல."

"ப்ளேன்ல..." மேலே கேட்கப் பயமாக இருந்தது.

"உப்பே இல்ல" என்றாள் மாமியார்.

"சாப்பிட்டீங்களா!"

"சாப்பிடாமலா உப்பு தெரியும்? கேளு. தட்டைக் கொண்டாந்து வச்சான். நான் மூடியைக்கூடத் தொறக்கல, முதல்ல ஸ்பூனைத்தான் பாத்தேன். இடது பக்கம்."

மருமகள் குழாயை மூடினாள். காதில் சரியாக விழவில்லையோ என்று.

"சரி, அடுக்கிட்டா நம்ம ஆளுன்னு ஸ்பூனை எடுத்தேன். பக்கத்து சீட்டுக்காரனைப் பாத்தா அவனுக்கும் இடது பக்கம். முன்னாடி எட்டிப் பாத்தேன், அவங்களுக்கும் இடது பக்கம். ப்ளேன் பூரா இடது பக்கம். பக்கத்துல இருந்தவன் வலது பக்கம் தேடுறான், தேடுறான், தட்டைத் தூக்கிப் பாக்கிறான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. ஏன்டி, நான் ஒருத்தி திங்கணும்னு ஊரையே இடது கைக்காரனா ஆக்கிட்டியா?"

மாமியார் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மருமகள் எத்தனை வருஷத்துக்கு முன்னால் கேட்டாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை. அவளும் சிரித்துக்கொண்டே அழுதாள். பொய் சொல்லிப் பேரை வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. "அது நான் அடுக்கல அத்தை. என் தட்டைக் கொட்டிட்டாங்க."

"தெரியும்."

"எப்படி?"

"நீ வச்சா எப்பவும் கொஞ்சம் கோணலா இருக்கும். இது ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருந்துச்சு. எல்லாருக்கும் அப்படியே. யாரோ ஒருத்தர் வேலை மெனக்கெட்டு வச்சிருக்காங்க. நீ போய்ச் சொல்லாம எவன் வைப்பான்? அதான் சாப்பிட்டேன். ரெண்டு வேளையும். இனிப்பை மட்டும் பக்கத்து ஆளுக்குக் குடுத்துட்டேன், பாவம், ஸ்பூனைத் தேடிக் களைச்சுப்போனான்."

மருமகளின் கையிலிருந்த நுரை முழங்கை வரை வழிந்தது.

"ஆனா ஒண்ணு" என்றாள் மாமியார். குரல் இறங்கிவிட்டது. "திரும்பி வர்ற ப்ளேன்ல யாரு அடுக்குவா? அந்தச் சாப்பாடு இந்த ஊர்லேருந்துல்ல ஏறும்?"

அவள் கேட்டது சாப்பாட்டைப் பற்றி அல்ல என்று மருமகளுக்குத் தெரிந்தது. ஒரு வாரமாகத் தொண்டையில் நின்ற சொல் இப்போது வேறு உருவத்தில் வெளியே வந்தது. "நானே வரேன் அத்தை. வந்து கூட்டிட்டு வரேன்."

"நீயா? ரெண்டு சாப்பாட்டு தூரம். உங்க கூடத்துச் சாப்பாட்டை நீ தொடுவியா?"

"தொடுறேன்."

"உப்பு இருக்காது."

"பரவால்ல."

"பாக்கலாம்" என்றாள் மாமியார். பிறகு, "இங்க எனக்கு ஸ்பூனை வலது பக்கம் வைக்கிறாங்க. நான் ஒண்ணும் சொல்லல, சொல்லி என்ன ஆகப்போகுது. நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். இதையும் இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை.

அடுத்த நாள் கூடத்துக்குப் போனால் ஊரே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. விமானக் கம்பெனியிலிருந்து புகார் வந்துவிட்டதாம். ஒரு விமானம் முழுக்கத் தட்டுகள் படத்துக்கு மாறாக. முந்தாநாள் மத்தியானம் ஸ்கேல் சார் சுவரிலிருந்து படத்தைப் பிய்த்துச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு இடது பக்கம்" என்றாராம். ஏன் சார் என்று கேட்டவளுக்கு வழக்கமான பார்வை. எந்தத் தட்டு எந்த சீட்டுக்குப் போகும் என்று தெரியாததால் ஒன்றைக்கூட விடவில்லை. பெல்ட்டின் கடைசியில் தானே நின்று ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து நேராக்கினாராம். விசாரணையில், "தப்பு என்னோடது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனி மறு உத்தரவு வரும்வரை பரிசோதனை வேலை கிடையாது, பெல்ட்டில் நிற்க வேண்டியதுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அவர் தலையில் வலைத்தொப்பியோடு, பெண்களுக்கு நடுவில், ஸ்பூன் பொட்டலம் வைக்கும் இடத்தில் நின்றிருந்தார். கோட்டுப் பை தட்டையாக இருந்தது. மருமகள் அவருக்கு முந்தின இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு நின்றாள். காலில் விழுந்துவிடலாமா என்றிருந்தது. அந்த மனுஷனிடம் அதற்கும் ஒரு பார்வைதான் கிடைக்கும். சிறிது நேரம் இனிப்புக் கிண்ணங்களையே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை சாப்பிட்டாங்க சார்."

அவர் கை நிற்கவில்லை. "உப்பு?"

"இல்லவே இல்லையாம்."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றார். "அவசரச் சாப்பாட்டுல எப்பவும் உப்பு கம்மி. நானும் எத்தனையோ தடவை எழுதிப் போட்டாச்சு."

"பஸ்ல உக்காந்து உங்களை ரொம்பத் திட்டிட்டேன் சார்."

"எல்லாரும் திட்டுறதுதான்."

"எனக்கு லீவு போடணும் சார். எவ்வளவு எழுதுறதுன்னு தெரியல. ரெண்டு சாப்பாடு ஒரு சிற்றுண்டி போறதுக்கு, ரெண்டு சாப்பாடு ஒரு சிற்றுண்டி வர்றதுக்கு."

அவர் முதல்முறையாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அது அந்தப் பழைய பார்வை இல்லை. "ஜன்னல் சீட்டா கேளு" என்றார்.

பெல்ட்டில் தட்டுகள் மாறின. அந்த ஊர் விமானத்துக்கான தட்டுகள் வரத் தொடங்கின. சுவரில் படம் மறுபடி ஒட்டப்பட்டிருந்தது, ஓரங்கள் மட்டும் கிழிந்திருந்தன. முதல் தட்டு அவளிடமிருந்து அவரிடம் போனது. பொட்டலம் பிடித்த அவர் கை தட்டின் இடது பக்கத்துக்கு மேலே ஒரு கணம் நின்றது. பிறகு வலது பக்கம் போய் வைத்தது. பழக்கத்தில் இன்னொரு கை கோட்டுப் பைக்குப் போய், ஒன்றும் இல்லாமல் திரும்பியது. பொட்டலம் கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். விரலை நீட்டவில்லை. பெல்ட் நகர்ந்து தட்டை எடுத்துக்கொண்டு போனது.